அறுந்த வயரில் முப்பத்தொன்பது டிகிரி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன், மற்ற நாளெல்லாம் டீசல் எஞ்சினோடு கிடக்கிறேன், இருபது வருஷத்தில் காரணமில்லாமல் ஒரு விளக்கு எரிந்து நான் பார்த்ததில்லை. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். ஆனால் 'சேவியர் என்னமோ செஞ்சுட்டான்' என்று தேக்கா மார்க்கெட்டில் முணுமுணுக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் என்ன செய்தேன்?

ஒரு சனிக்கிழமை மதியம், சிங்கப்பூர் ஜாலான் புசாரில் இருக்கிற என் பட்டறைக்குக் காதர் பாய் தன் காய்கறி லாரியைக் கொண்டுவந்தார். செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, திங்கட்கிழமை இன்ஸ்பெக்‌ஷன், தவறினால் லாரி ரோட்டில் ஏறாது. ஸ்கேனரை மாட்டினேன். புகைக்குழாய் வெப்பத்தை அளக்கும் சென்சாரில் கோளாறு என்று கோட் வந்தது, அளவு முப்பத்தொன்பது புள்ளி இரண்டு டிகிரி.

ஓடிவந்த எஞ்சினின் குழாய் கையைப் பொசுக்கும், முப்பத்தொன்பது எப்படி வரும்? அடியில் புகுந்து பார்த்தால் சென்சாரே இல்லை. புகை ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழாய், வயரை வெட்டி டேப் சுற்றியிருந்தது. வண்டி நன்றாக இழுக்கட்டும் என்று பழைய மெக்கானிக் மணியம் அண்ணன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்த வேலை என்று பாய் அப்போதுதான் வாயைத் திறந்தார். அந்தச் சென்சாரைத் தேடவே கூடாது என்று எஞ்சின் கம்ப்யூட்டரிலும் மணியம் மாற்றி எழுதியிருந்தார். பிறகு எந்தச் சென்சார் இந்த எண்ணைக் காட்டுகிறது?

"உங்க ஸ்கேனர் கெட்டுப்போச்சுலா அண்ணே" என்றார் பாய். எனக்குச் சுருக்கென்றது. பக்கத்துப் பட்டறையில் இன்னொரு ஸ்கேனர் வாங்கிவந்து மாட்டினேன். அதிலும் அதே முப்பத்தொன்பது புள்ளி இரண்டு.

ஆத்திரத்தில் மணியத்துக்குப் போன் போட்டேன். எடுத்தது மகள். யாரென்றுகூடக் கேட்காமல், அவர் செய்துவைத்த அரைகுறை வேலையைப் பற்றிக் கத்தினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு அங்கிள், மூணு நாளா காய்ச்சல். இப்பதான் நர்ஸ் பார்த்தாங்க, தர்ட்டி நைன் பாயிண்ட் டூ" என்றாள்.

பாய்க்கும் கேட்டுவிட்டது. "அண்ணே, அதை அப்படியே விட்டுருங்க" என்றார்.

விட்டிருக்கலாம். ஆனால் ஒரு மெக்கானிக்கிடம் போய் எண்ணுக்குப் பயப்படு என்றால் கோபம் வராதா? "காய்ச்சல் மாத்திரை குடுக்கவா பாய் உங்க லாரிக்கு?" என்று கேட்டுக்கொண்டே, நாளுக்குப் பத்துத் தடவை அமுத்துகிற பட்டன்தானே என்று கோளாறை அழிக்கிற பட்டனை அமுத்தினேன். நிச்சயமா என்று ஸ்கேனர் கேட்டது. அதையும் அமுத்தினேன். விளக்கு அணைந்தது. எண் கடகடவென்று இறங்கி முப்பத்தொன்றில் நின்றது, அன்றைக்கு வெளியே இருந்த வெயிலின் சூடு அவ்வளவுதான். "பார்த்தீங்களா?" என்றேன், பெருமையாக.

கையைத் துடைப்பதற்குள் போன் அடித்தது. மகள்தான். அப்பா போய்விட்டார் என்றாள்.

மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவர். வயரோ வெட்டப்பட்ட வயர். இதில் என் மேல் என்ன குற்றம்? நீங்களே சொல்லுங்கள். ஆனாலும் மறுநாள் கோயிலுக்குப் போகாமல், யாரும் கேட்காமலே, புது ஃபில்டரும் புது சென்சாரும் என் கையாலேயே மாட்டினேன், மணியம் எழுதியதையும் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தேன். திங்கட்கிழமை லாரி பாஸ். அப்புறம் பாய் என்னோடு டீக்கடையில் தே குடிப்பதை நிறுத்திவிட்டார், வண்டியையும் வேறு பட்டறைக்கு மாற்றிவிட்டார்.

போன வாரம் அந்தப் பட்டறைக்காரர் கூப்பிட்டார். "சேவியர், பாய் லாரியில மறுபடியும் லைட். எஞ்சின் கொதிக்குது, நீங்க மாட்டுன சென்சார் தர்ட்டி சிக்ஸ் பாயிண்ட் எய்ட்லயே நிக்குது. கிளியர் பண்ணிடவா?"

அன்று எனக்குக் காய்ச்சல் ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருந்தேன், நல்ல உடம்பின் சூடு அதே முப்பத்தாறு புள்ளி எட்டுதான். வேண்டாம், அதைத் தொடாதீங்க, எரிஞ்சா எரியட்டும் என்று போனிலேயே கத்தினேன்.

இப்போது தினமும் காலையில் தேக்கா மார்க்கெட்டுக்குப் போகிறேன். பாய் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பேசாவிட்டால் போகட்டும். லாரி வந்து நின்றதும் கண்ணாடி வழியாக எட்டி, அந்த மஞ்சள் விளக்கு இன்னும் எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பட்டறைக்குக் கிளம்புகிறேன்.