தண்ணிப் பை, ஜெல் பை

புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்து ஒரு வருடம் தாண்டியிருந்தது. ரவிக்கைக்குள் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு சோமனூரில் விசைத்தறி ஓட்டினேன். இழை அறுந்து குனிந்தால் துணி நழுவும். தறியை நிறுத்திவிட்டுச் சரிசெய்வேன். எடுத்த இடத்தில் உள்ளே ஒரு செயற்கைப் பை, இம்ப்ளாண்ட், வைக்கலாம் என்று ஒரு நர்ஸ் சொல்லித்தான் மறுபடி கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கணவரின் அக்கா, எனக்கு நங்கையா, கூட வந்தார்.

டாக்டரம்மா மேசைமேல் மூன்று பைகளை வைத்தார். ஒன்றில் உப்புத் தண்ணீர். மற்ற இரண்டிலும் ஜெல். அதில் ஒன்று மேலே வழவழப்பு, இன்னொன்று சொரசொரப்பு.

நங்கையா ஜெல் பை ஒன்றை அமுக்கிப் பார்த்தார். "பரோட்டா மாவாட்டம் இருக்குது அம்மணி."

நான் சொரசொரப்பானதை எடுத்தேன். தறியில் துணியை இழுக்கிற உருளை அப்படித்தான் இருக்கும். வழவழப்பானால் துணி வழுக்கிவிடும்.

"இதையே வெச்சிருங்க. நவுராது."

"நகராதுங்கிறது சரிதாம்மா. ஆனா இந்த மாதிரி வெச்சவங்கள்ல சில பேருக்கு, பல வருசம் கழிச்சு, அதைச் சுத்தி வேற ஒரு புத்துநோய் வந்திருக்கு. அபூர்வந்தான். இருந்தாலும் நான் இதை வைக்கிறதில்ல. காட்டுறதுக்கு மட்டும் வெச்சிருக்கேன்."

கீழே வைத்துவிட்டேன்.

"அப்ப மத்த ரெண்டுல எது ஒடையாதுங்க?" என்று நங்கையா கேட்டார்.

"ரெண்டும் ஒடையலாம். ஆயுசுக்கும் வரும்னு எதையும் சொல்ல முடியாது. எதை வெச்சாலும் சுத்தித் தழும்பு இறுகலாம், சீழ் பிடிக்கலாம். ஜெல் ஒடைஞ்சா பல பேருக்கு வெளிய தெரியாது. அப்பப்ப ஸ்கேன் பாக்கணும். தண்ணிப் பை ஒடைஞ்சா சப்பையாயிடும், உடனே தெரியும். உப்புத் தண்ணிய ஒடம்பு எடுத்துக்கும். ஆனா ஜெல்தான் நிஜம் மாதிரி இருக்கும். தண்ணிப் பையில சுருக்கம் தெரியலாம்."

"ஜெல்லே வெச்சுக்க கண்ணு," என்றார் நங்கையா. "சுருக்கம் மூஞ்சில வரப்போறது பத்தாதா?"

மூன்று பேரும் சிரித்தோம். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

மார்பில் முதலில் வந்த அந்தப் புற்றுக்கட்டி வலிக்கவே இல்லை. எனக்குத் தெரியாமலே வளர்ந்தது. தெரிந்தபோது மார்பையே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

"தண்ணியே வைங்க டாக்டர். சுருக்கம் இருந்துட்டுப் போகுது. ஒடைஞ்சா எனக்குத் தெரியோணுமுங்க."

டாக்டரம்மா தலையாட்டினார். நங்கையா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வைத்தாயிற்று. புண் ஆறிவிட்டது. கையை முழுக்கத் தூக்கினால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. காலையில் குளிக்கும்போது இடது பக்கம் தொட்டுப் பார்க்கிறேன். சப்பையாகவில்லை. வலது பக்கமும் தடவிப் பார்க்கிறேன். கட்டி இல்லை. பஞ்சு ஒட்டாமலிருக்கச் சேலைமேல் சட்டையைப் போட்டுக்கொண்டு தறிக்குக் கிளம்புகிறேன்.