மரத்தடியில் மஞ்சள் பலகை

தொண்ணூறுகளின் கடைசியில் என் கணவருக்கு மிசிசாகாவில், விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் வேலை. கூட வேலை செய்த மூன்று வெள்ளைக்காரர்கள் அவருக்குப் பனிப்பலகையில் வழுக்கப் பழக்கிவிட்டார்கள். இரண்டு மாரி பக்கத்துக் குன்றுகளில் விழுந்தெழும்பியவர், மூன்றாம் மாரி அவர்களோடு ஜப்பானுக்கே புறப்பட்டார். அங்கே ஆளை மேலே ஏற்றிவிடும் லிப்ட் ஒன்றும் இல்லாத காட்டு மலையில், வழிகாட்டி முன்னே போக நடந்து ஏறி, யாரும் மிதிக்காத பனியில் வழுக்கி இறங்குவதாம்.

நாங்கள் குடியிருந்த மில்லிக்கனில் பக்கத்து வீட்டு அன்ரி வாயைத் திறந்தால் எழுதிவைக்க வேண்டும் போலிருக்கும். கேள்விப்பட்டதும் இவரைப் பிடித்துக்கொண்டார்.

"ட்ரைவேயில கிடக்கிற பனி காணாதெண்டோ தம்பி ஜப்பானுக்குப் போறீர்?"

போகமுதல் ஒரு படிவம் வந்தது. வழிகாட்டி அறிந்திருக்க வேண்டியது ஏதும் உண்டா என்பது கடைசிக் கேள்வி. முழங்கால் நோ, மூச்சிழுக்கும் முட்டு வருத்தம், இருதயம், அப்படி. இவர் பெரிய எழுத்தில் 'இல்லை' என்று எழுதினார். நானும் பக்கத்தில் இருந்து தலையாட்டினேன்.

பத்து நாளில் நல்ல முகத்தோடு திரும்பி வந்தார். அடுத்த மாரிக்கும் போவதென்று ஒரே நிலை. புதுப் படிவம் பிரிட்ஜின் மேல் கிடந்தது. அந்த நேரத்தில்தான், கூடப் போனவர் எடுத்த வீடியோக் கசெற்றின் பிரதி கைக்கு வந்தது. எங்கள் ஆட்களுக்குக் கசெற்றைத் தனியே பார்க்கத் தெரியாது. கலியாணக் கசெற்றுக்குச் செய்வது போல, ஞாயிறு பின்னேரம் அன்ரியையும் அங்கிளையும் கூப்பிட்டு, றோல்ஸ் பொரித்து, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, மகளோடு எல்லாருமாக உட்கார்ந்தோம். இவரும் அதை முன்பு பார்த்திருக்கவில்லை.

முதலில் வழிகாட்டி, சின்ன உருவமான ஜப்பானியர், ஒரு மரத்தைத் தடியால் காட்டி விளங்கப்படுத்தினார். கிளைகளுக்குக் கீழே, அடிமரத்தைச் சுற்றிப் பனி இறுகாமல் கிணறு மாதிரி இருக்குமாம். தலைகீழாக விழுந்தால் மேலே கொட்டும் பனி மூச்சை அடைத்துவிடும். மரத்தடிக்கு மட்டும் போகக்கூடாது. இவர் கெட்டிக்காரப் பிள்ளை மாதிரித் தலையாட்டுவதைப் பார்த்து அங்கிள் சிரித்தார்.

பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். இவருடைய பலகை மஞ்சள். அது வளைந்து வளைந்து வர, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போது டிவிக்குள் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது.

படத்தில் மற்றவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். இவர் பார்க்கவில்லை. பலகையை ஒரே வெட்டாகத் திருப்பி, பெரிய மரம் ஒன்றின் கீழே பாய்ந்தார். அடுத்த கணம் ஆள் இல்லை. பனிக்கு மேலே மஞ்சள் பலகை மட்டும் நின்றது. யாரோ கத்தினார்கள். படம் ஆடியது, பனி கிண்டும் சவல்கள், கைகள், வெள்ளை. பலகை ஒருமுறை துடித்தது. பிறகு அசையவில்லை. கசெற் அதோடு முடிந்தது.

சோபாவில் கோப்பையோடு இருந்த மனிதரைப் பார்க்கவே எனக்குப் பயமாயிருந்தது.

"கமெரா ஓடினது எனக்குத் தெரியாது," என்றார்.

"அதுதான் இப்ப உங்கட கவலையோ?"

"சொன்னா நீர் திரும்பப் போக விடமாட்டீர்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "வழிகாட்டியோட நாலு பேரும் கிண்டி எடுத்தவை. நான் ஒண்டும் யோசிக்கேல்லையப்பா. சத்தம் கேட்டுது, மரத்துக்குக் கீழ போனன்."

அது யாரோ காயப்பட்டவரை ஏற்றிப்போன ஹெலியாம். நன்றாக ஏசிவிட வாயெடுத்தேன். அதற்குள் மகள் கேட்டாள்.

"அம்மா, ஏன் நாங்கள் டேபிளுக்குக் கீழ இருக்கிறம்?"

நிமிர்ந்தேன். தலையில் மேசை இடித்தது. எப்போது கதிரையை விட்டு இறங்கினேன், எப்போது பிள்ளையை இழுத்து மடிக்குள் அமுக்கினேன், எனக்குத் தெரியாது. அங்கிள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். அன்ரியின் தேத்தண்ணி கம்பளத்தில் ஊறிக்கொண்டிருந்தது.

"ஹெலி சுட்ட ஊரை விட்டு நாங்கள் வந்து எட்டு வருசம்," என்றார் அன்ரி. "எங்கட காதுக்கு இன்னும் விசா கிடைக்கேல்லை."

நான் துணி எடுத்துக் கம்பளத்தைத் துடைத்தேன்.

அவர்கள் போனபின், போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படிவத்தை எடுத்து இவர் முன்னால் வைத்தேன்.

"போறதெண்டா அந்த வழிகாட்டிக்கு உள்ளதை எழுதிப்போட்டுப் போங்கோ."

கடைசிக் கேள்வி வரைக்கும் எழுதிக்கொண்டு வந்தார். முட்டு வருத்தத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது. இதற்கு எங்கள் இருவருக்கும் தெரிந்த சொல் இல்லை. கடைசியில் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார்: ஹெலிச் சத்தம் கேட்டால் என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள்.