ஒரே பித்தப்பை, நான்கு நோயாளிகள்

பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் என் பெரியம்மாவுக்கு வைத்திருக்கும் பெயர் ‘மூச்சைப் பிடி’. ஸ்கேன் அறையில் நாள் முழுக்க நோயாளிகளிடம் அவர் சொல்வது அதைத்தான். தலை நரைக்கும்வரை ஸ்கேன் எடுத்தவர், சொல்லியும் கொடுத்தவர். ஸ்கேன் எடுப்பவர்களுக்கென ஒரு சங்கமும் தகுதித் தேர்வும் வேண்டும் என்று அலைந்து உண்டாக்கி, அதற்குத் தலைவராகவும் ஆனவர். எதையும் ஒரே கோணத்தில் பார்த்து நம்பமாட்டார். வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தாலும் தூக்கிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து.

அந்தச் சமயம் அவருடைய சந்தேகம் பெரியப்பா மீது. ஓய்வு பெற்ற மனிதர், சில மாலைகளில் மட்டும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நடைப்பயிற்சிக்குக் கிளம்பினார். அன்றைக்கெல்லாம் மதியம் சாப்பிடுவதில்லை, காபியும் வேண்டாம்.

“யாருக்காக இந்தப் பட்டினி?”

“தொப்பைக்காகத்தான்.”

தேர்வு எழுதுபவர்கள் ஆளுக்கொரு நோயாளியை ஸ்கேன் செய்து படம் அனுப்ப வேண்டும் என்பது விதி. சங்கத்தின் துணைத்தலைவர் நடத்தும் பயிற்சி மையத்திலிருந்து நால்வர் அனுப்பியிருந்தார்கள். சாப்பாட்டு மேசையில், தேர்வாளரான பெரியம்மா அவற்றை மடிக்கணினியில் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான்கிலும் பித்தப்பையின் நுனி ஒரே மாதிரி மடிந்திருந்தது. உள்சுவரில் மிளகளவு சதைத்துணுக்கு, அதுவும் அதே இடத்தில்.

“இது நம்ம வீட்டுப் பித்தப்பைடி,” என்றார் என்னிடம். வருடாவருடம் அவரே ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. வெறும் வயிறாக இருந்தால்தான் பித்தப்பை விரிந்து தெரியும். பட்டினியின் காரணம் புரிந்துவிட்டது.

பெரியப்பா உள்ளே நுழைந்ததும் பெரியம்மா ஆரம்பித்தார். “எவ்வளவு நாளா வயித்தக் காட்டிக்கிட்டுத் திரியறீங்க?”

“பயிற்சிக்குன்னுதான் கூப்பிட்டாங்க. படுத்தா போதும்னாங்க. பரீட்சைக்கு அனுப்புவாங்கன்னு எனக்கென்ன தெரியும்?”

“கூப்பிட்டது யாரு?”

“உன் துணைத்தலைவர்தான். மேடத்துக்குச் சொல்ல வேணாம்னார்.”

“அவருக்கு வேற வயிறே கிடைக்கலையா?”

சங்கத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. நால்வரையும் நிறுத்தினால் பெரியப்பாவின் பெயர் வெளியே வரும். விட்டுவிட்டால் தான் உண்டாக்கிய தேர்வே கேலிக்கூத்து. துணைத்தலைவர் ஆள் கிடைக்காமல் கூப்பிட்டாரா, தன் வாயை அடைக்கவே கூப்பிட்டாரா? பெரியம்மாவுக்குப் பிடிபடவில்லை.

தேர்வுக் குழு கூடியபோது படங்களைத் திரையில் போட்டு, “நாலும் ஒரே ஆள்,” என்று மட்டும் சொன்னார்.

துணைத்தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். “வீட்டு விஷயம் மேடம். பெருசுபடுத்தினா சங்கடம் உங்களுக்குத்தான்.”

“வீடுன்னு நான் சொல்லவேயில்லையே.”

பெரியம்மா குழுவின் பக்கம் திரும்பினார்.

“ஆமா, என் வீட்டுக்காரர்தான். எழுதிக்குங்க. நாலு பேரும் வேற தேர்வாளர் முன்னாடி புதுசா ஸ்கேன் எடுக்கட்டும். நான் அதுல உக்கார மாட்டேன்.”

மூவர் தேறினார்கள். தேர்தலில் பெரியம்மா தோற்றார், துணைத்தலைவர் தலைவரானார். புருஷனை வைத்துப் பரீட்சை நடத்தியவர் என்று யாரோ பரப்பிவிட்டிருந்தார்கள். யாரென்று பெரியம்மாவுக்கு ஓர் ஊகம் உண்டு.

பெரியம்மாவின் வகுப்புகள் மட்டும் தொடர்கின்றன. அந்த மையத்துப் படங்கள் வரும்போதெல்லாம் புதிய தேர்வாளர் தணிந்த குரலில் போன் செய்கிறார்: “மேடம், ஒரு தடவ வந்து பாக்கறீங்களா?”

“ஏன், என்ன சந்தேகம்?” என்று கேட்டுக்கொண்டே பெரியம்மா செருப்பை மாட்டுகிறார்.