ஐந்தாவது புளியங்கொட்டை

திருப்பதியில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்தி சொல்லும் போட்டி என்று எங்கள் சித்தூர் பள்ளிக்கூடத்தில் அறிவித்த நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து ஒருத்திதான் போகலாம். அந்த ஒருத்தி நான்தான் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

என்னைத் தயார் செய்யச் சித்தி ஓர் ஆட்டம் கண்டுபிடித்தாள். "என்னா பாத்த?" என்று திடீரென்று கேட்பாள். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து நின்று யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்று சொல்ல வேண்டும். ஒரு விடைக்கு ஒரு புளியங்கொட்டை. கூட்டத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டால் சேர்த்ததெல்லாம் போச்சு! அண்ணன் மூன்றே நாளில் திவால். எனக்கோ பாவாடை மடி கொள்ளவில்லை. 'ஏன்' மட்டும்தான் அடிக்கடி சறுக்கும்.

வெள்ளிக்கிழமை, செய்தி பிடிக்கலாம் வா என்று ரேணிகுண்டா ஜங்ஷனுக்கு அழைத்துப் போனாள். மறுநாள் எனக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள்:

"நாளிக்கு கோயில்ல எனுக்கு ஓலை வாசிப்பாங்க. முடிச்சிட்டு பாஸ்டர் ஐயா ஒரு கேள்வி கேப்பாரு. நல்லா காது குட்த்து கேளு."

கல்யாண அறிவிப்பைத்தான் ஓலை என்போம். மாப்பிள்ளை, தாத்தா பார்த்து முடிவு செய்தவர். சித்தியை யாரும் கேட்டதாக நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓலையை வாசித்த பாஸ்டர், "இவர்கள் இணைவதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம்" என்றார். வழக்கமாக யாராவது இருமுவார்கள், அவ்வளவுதான். நான் துள்ளி எழுந்தேன்.

"எனுக்குத் தெரியும் ஐயா! யாரு: எங்க சித்தியும் காக்கிச் சட்டை போட்ட ஒரு அண்ணனும். எங்க: ரேணிகுண்டா ரெண்டாவது பிளாட்பாரம். எப்போ: வெள்ளிக்கிழமை சாயங்காலம். என்னா: கையப் புடிச்சிக்கினு அழுதாங்க. ஏன்னு மட்டும் தெர்ல ஐயா."

அடேயப்பா! மாப்பிள்ளை வீட்டார் பாட்டுப் புத்தகத்தைக்கூட எடுக்காமல் வெளியேறினார்கள். கல்யாணம் அத்தோடு நின்றது. முன்வரிசையில் இருந்த எங்கள் தலைமையாசிரியை மறுநாளே என் பெயரைத் திருப்பதிக்கு எழுதினார் என்பது தனிக்கதை.

வீட்டில் அம்மா தொடையைக் கிள்ளினாள். "குட்டிச்சுவரு பண்ணிட்டியேடி பாவி!" என்று தாத்தா குதித்தார். சித்தியின் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேனாம். விக்கி விக்கி அழுதேன். சித்தியும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பியதும் என் கையைப் பிரித்து, புளியங்கொட்டைகளை வைத்து மூடினாள்.

எண்ணிப் பார்த்தேன். ஐந்து.

"நாலுதான் சித்தி. 'ஏன்' நான் சொல்லவே இல்லியே" என்று ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன்.

"அதையும் நீயே வச்சிக்கோடி" என்றாள்.

டீச்சர் டிரெய்னிங் முடித்தவளுக்கு ஐந்து வரை எண்ணத் தெரியவில்லையே என்று அன்றைக்கு எனக்கு ஒரே வருத்தம்.