கிழக்கே திரும்பாத ரொக்கெட்

நான் கட்டிய முதல் ரொக்கெட்டைப் போல அசிங்கமான ஒன்றை இந்தக் கல்முனைக் கரையில் கண்டதில்லை. மழைக்குப் பிறகு வாய்க்கால்கள் கொண்டுவந்து கடலில் துப்பும் குப்பையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மேலே ஒரு கூம்பு. அதற்குள் பெரிய கண்களோடு பல்லை இளிக்கும் ஒரு பொம்மை விமானி. கூம்பின் கீழே எரிபொருள் தாங்கிகள், கடையில் பிஸ்கட் டின்களை அடுக்கியது மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக. அடியில் எஞ்சின், உச்சியில் பரசூட். எல்லாம் கணினித் திரைக்குள். மனைவியின் தம்பி கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்த மடிக்கணினியில், ரொக்கெட் கட்டி விண்வெளிக்குப் போய்வரும் ஒரு விளையாட்டு இருந்தது. அவன் தின்ற பேரீச்சம்பழத்தின் பிசின் விசைகளுக்கிடையில் ஒட்டிக்கிடந்தது. விரலை எடுக்கும்போதெல்லாம் சப்பென்றது. கச்சான் காற்று மேற்கே வயலிலிருந்து சூட்டையும் புழுதியையும் அள்ளிவந்து அந்தப் பிசினில் அப்பியது. நான் துடைத்தேன். அது மறுபடி அப்பியது.

ஐம்பதைத் தாண்டியவனுக்கு விளையாட்டு எதற்கு? என் வாய்தான் காரணம்.

என் கவிதைகளைத் தொகுத்த புத்தகம் அச்சகத்தில் இருந்தது. தலைப்பு 'கடல் பெற்ற பிறை'. முதல் கவிதையின் தலைப்பும் அதுவே. அந்த ஒரு கவிதையால்தான் ஊர் என்னைக் கவிஞர் என்கிறது. கலியாண வீட்டில் முன்வரிசை நாற்காலி தருகிறது. இறுதியாகத் திருத்தவேண்டிய தாள்கள் என் மேசையில் கிடந்தன. வியாழன் பின்னேரம் அஸர் தொழுகைக்குள் சரியென்று சொன்னால் அச்சு ஓடும். மைத்துனன் அந்தத் தாள்களைப் புரட்டிப் புரட்டிச் சிரித்தான்.

"என்ன மச்சான், எங்க தட்டினாலும் நிலாவாக் கிடக்கு. ஒரு தரமாவது அங்கால போய்ப் பாத்தீங்களா?"

"நீ போனியாக்கும்?"

"ரெண்டு தரம் இறங்கிட்டன். ஒருக்கா குப்புறக் கவிண்டும் போச்சி."

நானும் போகிறேன், நிலவுக்கு வேண்டாம், பூமியையாவது ஒருமுறை சுற்றி வந்த பிறகுதான் அச்சகத்துக்குச் சரி சொல்வேன் என்று அவன் முன்னால் வாயை விட்டேன். அது செவ்வாய்க்கிழமை.

முதல் தடவை எஞ்சினும் பரசூட்டும் ஒன்றாகத் திறந்தன. ரொக்கெட் தன் குடைத்துணியைத் தானே எரித்துக்கொண்டு சாய்ந்தது. இரண்டாம் தடவை நேரே மேலே விட்டேன். என் கவிதைகளில் எல்லாமே நேரே மேலேதான் போகும். இதுவும் போனது. வானம் கறுத்தது, எரிபொருள் முடிந்தது, போன வழியே கல்லாக வந்து விழுந்தது. உயரப் போனால் அங்கேயே நின்றுவிடலாம் என்பது கவிஞனின் மடமை. மேலே நிற்க வேண்டுமானால் பக்கவாட்டில் ஓட வேண்டும்; விழுந்துகொண்டே தரையைத் தவறவிடும் அளவுக்கு வேகமாக ஓட வேண்டும். இவ்வளவு அழகான ஒரு சங்கதி, நான் எழுதிய ஒரு வரியிலும் இல்லை.

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"இஞ்ச, அந்த மனிசன எத்தின தரம் மௌத்தாக்கப் போறீங்க?"

"ஒரு பொத்தான அமத்தினாத் திரும்பி வந்திருவான்."

"வந்திருவானா? சீ! அப்ப அவன்ட உசிருக்கு, ஹயாத்துக்கு ஒரு பெறுமதியும் இல்லியே."

அவள் போன பிறகு பொத்தானை அமத்தினேன். விமானி அதே இளிப்போடு வந்து உட்கார்ந்தான். சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் போனவர்களில் ஒருவரும் இப்படித் திரும்பி வரவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் விரல் அடுத்த ரொக்கெட்டைக் கட்டத் தொடங்கிவிட்டது. என் விரலையும் பிடிக்கவில்லை.

வியாழன் காலை மூன்றாம் தடவை. இம்முறை சாய்க்க வேண்டும் என்று தெரியும். அந்த விளையாட்டில் ரொக்கெட் எழும் இடம் எங்கள் கரையைப் போலவே இருந்தது: கிழக்கே கடல், மேற்கே தரை, தரைக்கு அப்பால் மலை. எஞ்சின் உறுமியது. ரொக்கெட் எழுந்தது. சாய்க்க வேண்டிய உயரம் வந்ததும் என் விரல் யாரையும் கேட்காமல் மேற்கே சாய்த்தது.

வேறெங்கே சாய்க்கும்? தொழ நின்றால் மேற்கு. பிறை பார்க்க நின்றால் மேற்கு. இறந்தவரின் மையத்தை அடக்கும்போதும் முகத்தை மேற்கே திருப்பித்தான் வைக்கிறோம். கிழக்கே கடல், அந்தப் பக்கம் போனவன் மீனோடு வருவான், அல்லது வரமாட்டான்.

ரொக்கெட் மேற்கே ஓடியது. இன்னும் கொஞ்சம் வேகம், இன்னும் கொஞ்சம். எரிபொருள் தீர்ந்தது. வட்டம் கூடவில்லை. கூம்பு எரிந்துகொண்டே இறங்கியது. அந்த வேகத்தில் பரசூட் கிழிய, கூம்பு மலைச்சரிவில் மோதிச் சிதறியது.

மைத்துனனுக்குச் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது.

"மேற்க ஏன் மச்சான் திருப்பினீங்க? பூமி கிழக்கப் பாத்தெல்லா சுத்துது. கிழக்க போனா அது சும்மா தள்ளி உடும். நீங்க ஓடுற பஸ்ஸுக்குள்ள பின்னால பாத்து ஓடியிருக்கீங்க!"

"நிலாப் பக்கம் போகத்தானே பழகுறன். பிறை எங்கடா இருக்கு? மேற்க!"

உரத்துச் சொன்னேன். சொன்னது என் காதிலேயே விழுந்தது.

மேசையில் கிடந்த முதல் தாளை எடுத்தேன். கவிதையில், சூரியன் சாய்ந்து மஃரிப் பாங்கு ஒலிக்கிறது. நோன்பாளிகள் கடற்கரையில் நிற்கிறார்கள். அலையைக் கிழித்துக்கொண்டு கடலிலிருந்து பெருநாள் பிறை எழுகிறது.

எங்கள் கடல் கிழக்கே. பெருநாள் பிறை மேற்கே, சவளக்கடைப் பக்கம், வயல் வட்டைக்கு மேலே நகக்கீறலாகக் கொஞ்ச நேரம் தொங்கிவிட்டு இறங்கிப்போகும். அது எழுவதே இல்லை. வருடா வருடம் பள்ளிவாசலின் மேல்தட்டில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுத்து நோக அதைத் தேடியவன் நான். என் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. என் பேனாவுக்குத் தெரியவில்லை. மேற்கே கடல் உள்ள ஊர்க்காரர் யாரோ எழுதியதை எப்போதோ வாசித்து, அவர்களுடைய கடலை எடுத்து என் ஊரின் முன்னால் ஊற்றியிருக்கிறேன். பிறருடைய வாயில் மென்றதை எடுத்து என் வாயில் போட்டு, முப்பது வருடமாக இனிக்கிறது என்றிருக்கிறேன். சீ.

குசினிக்குப் போனேன். மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கடல்ல பெருநாள் பிறை எழும்பாது. உனக்குத் தெரியுமா?"

"ஓம். கலியாணம் முடிச்ச வருசமே கண்டன்."

"ஏன் சொல்லல்ல?"

"கவிதையெண்டா அப்பிடித்தானே எண்டு உட்டுட்டன். அதுகள்ல எதுதான் உண்ம?" செதிள் ஒட்டிய கையால் நெற்றியைத் துடைத்தாள். குத்திச் சொல்லவில்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்பதைப் போலச் சொன்னாள்.

அச்சகக்காரருக்கு அழைத்தேன்.

"சேர், அட்டை அடிச்சாச்சி. நீலக் கடல், மேல பிறை. சும்மா வடிவா வந்திருக்கு."

"பிறை பிழை. அந்தப் பக்கம் வராது."

"விடியப்புறத்துப் பிறையெண்டு வெச்சிக்கொள்ளுங்களன் சேர். தேய்பிறை கிழக்கதானே வரும்."

ஒரு கணம் ஆசை வந்தது. மாலை மஃரிபை விடியல் சுபஹாக்கினால் போதும். ஆனால் தேய்பிறையில் எவன் பெருநாள் எடுப்பான்?

"யாரு சேர் பாக்கப்போறா?" என்றார் அவர்.

தொலைபேசியைக் காதிலிருந்து விலக்கினேன். அவருடைய சொல்லால் அல்ல. இத்தனை வருடம் நான் அதை வாய்விட்டுச் சொல்லாமல் எழுதிக்கொண்டிருந்தேன் என்பதால். அஸருக்குச் சொல்கிறேன் என்று அழைப்பைத் துண்டித்தேன்.

நான்காம் தடவை கிழக்கே சாய்த்தேன். விரல் மறுத்தது, மறு விரலால் அமத்தினேன். ரொக்கெட் கடலின் மேலே ஓடியது. திரை முழுக்க நீலம். பூமி முதுகில் கைவைத்துத் தள்ளியதைப் போல வேகம் ஏறியது. தாங்கியின் அடியில் துளி எரிபொருள் மிஞ்சியிருக்க, வட்டம் கூடியது.

"புடிச்சிட்டீங்க மச்சான்!" என்று மைத்துனன் முதுகில் அறைந்தான்.

விமானி ஒரு சுற்றுச் சுற்றி, பரசூட்டில் தொங்கிக் கடலில் இறங்கினான். இளித்தான். செத்தபோது இளித்த அதே இளிப்பு. நான் மகிழவில்லை. தினமும் விடிய எழுந்து வாசலில் பல் தீட்டும்போது சூரியன் வரும் திசைக்கே இந்தப் பூமி என்னைச் சுமந்து ஓடியிருக்கிறது. ஒரு நாளும் காலடியில் நான் அதை உணரவில்லை.

அஸர் பாங்கு கேட்டது. அச்சகத்துக்கு அழைத்து அந்தக் கவிதையை எடுக்கச் சொன்னேன்.

"அப்ப புத்தகத்துக்கு என்ன பேரு சேர்?"

"பேர் பிறகு. முதல்ல அத எடுங்க. அட்டையையும்."

அடித்த அட்டைகள் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வந்தன. மனைவி குசினி அலமாரித் தட்டுகளில் அவற்றைக் கவிழ்த்து விரித்தாள். மேலே மாசிக் கருவாட்டுப் போத்தல், மிளகாய்த்தூள் போத்தல்.

புத்தகம் வேறு பெயரில் வந்தது. இவ்வருட நோன்பின் கடைசியில் வழக்கம்போல் பள்ளியின் மேல்தட்டில் நின்றோம், எல்லோரும் மேற்கே, எல்லோர் முதுகுக்கும் பின்னால் கடல். பிறை காணுமட்டும் சும்மா நிற்க முடியாத மூத்தவர் ஒருவர் என் தோளைத் தட்டினார்.

"கவிஞர், அந்தக் கடல் பெத்த பிறைய ஒருக்காச் சொல்லுங்களன்."

"அது பிழை காக்கா. கடல் அங்கால கிடக்கு. பிறைய நாம இங்கால தேடுறோம்."

அவர் திரும்பிக் கடலைப் பார்த்தார். பிறகு மேற்கே பார்த்தார். "அதுக்கென்ன? நல்லாத்தானே இருக்கு," என்று அவரே முதல் வரியைத் தொடங்கினார். பக்கத்தில் நின்றவர் இரண்டாம் வரியை எடுத்துக் கொடுத்தார். அவர்கள் முழுவதையும் பாடமாக வைத்திருந்தார்கள்.