கீபோர்டு இல்லாமல் ஒரு பாட்டு

ஹைதராபாத்தில் திருமுல்கேரி சர்ச்சில் இங்கிலீஷ் ஆராதனை முடிந்து, அதற்கு வந்தவர்களின் கார்கள் கிளம்பிய பிறகுதான் எங்கள் தமிழ் ஆராதனை. அங்கே கீபோர்டு நான். என் வலப்பக்கம், கனத்த குரலில் கீழ் ஸ்தாயி பாடும் அண்ணன் ஒருவர் நிற்பார். நாகர்கோவில்காரர். வேலை தேடி ஹைதராபாத் வந்த எனக்குத் தன் கம்பெனியிலேயே சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். ஐந்தாறு வருடத்தில் நான் அவருக்கே டீம் லீடர் ஆனேன். அதற்கும் அவர் சந்தோஷப்பட்டார்.

அமெரிக்காவில் பாங்குகள் கவிழ்ந்த வருடம், வேலையைவிட்டு அனுப்ப டீமுக்கு ஒரு பெயர் கேட்டார்கள். அவர் பெயரை எழுதிக் கொடுத்தேன். வயது அதிகம், சம்பளம் அதிகம் என்று காரணம் சொன்னேன். உண்மையில், மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள், அவர் வரமாட்டார். அது தெரிந்துதான் எழுதினேன்.

வேலை போன அந்த வார ஞாயிற்றுக்கிழமையும் அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து என் பக்கத்தில் நின்றார்.

அப்பம் வாங்கும் திருவிருந்துக்கு முன்னால் இரக்கம் கேட்டு ஒரு பாட்டு பாடுவோம். அது ஓடும்போதே போதகர் சமாதானம் கொடுப்பார். இரண்டு கையாலும் பக்கத்தில் இருப்பவர் கையைப் பொத்திப் பிடிக்க வேண்டும். அவர் அடுத்தவருக்கு, அப்படியே கடைசி பெஞ்சு வரை. மனஸ்தாபம் இருந்தால் அங்கேயே தீர்த்துக்கொள்ள வேண்டும், தீராமல் அப்பத்தைத் தொடக்கூடாது என்பது முறை. கீபோர்டு வாசிப்பவனுக்கு மட்டும் விலக்கு. அவனுக்குத்தான் கை ஒழியாதே.

அந்த விலக்கில் நான் பதுங்கிக்கொண்டேன். அண்ணன் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் குனிந்துகொண்டு கடைசிச் சரணத்தை இன்னொரு தரம் இழுப்பேன். சபையே மறுபடியும் இரக்கம் கேட்கும். உருகி வாசிக்கிறான் என்று மெச்சினவர்கள் உண்டு. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் தோளைத் தொட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்வார். பிறகு நான் போய் அப்பத்தை வாங்குவேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

பாடிப் பழகும்போது ஒரு நாள் கேட்டார்: "தம்பி, அந்த ஒரு பாட்ட மட்டும் கீபோர்டு இல்லாம பாடுவமா?"

"சுதி எறங்கிரும்ணே."

"எறங்குனா எறங்கட்டும்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறமும் இரண்டு தடவை கேட்டார். வேலையில்லாத மனுஷனுக்கு சங்கீதத்தில் அபிப்பிராயம் வேறு என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. இதை எழுதவே கூசுகிறது.

வேறு வேலை அவருக்குச் சரியாக அமையவில்லை. வயதைப் பார்த்தே தள்ளினார்கள். கடைசியில் போலாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டார். இரண்டாம் வருடம், பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் அவர் மனைவியிடம் போய் நின்றேன். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. "அக்கா, அன்னைக்கு அண்ணன் பேர எழுதிக் குடுத்தது நான்தான்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அவியளுக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. ஆபீஸ்ல யாரோ சொல்லிட்டாங்க. கீபோர்டு இல்லாம பாடலாம்னு ஒங்கிட்ட கேட்டாவளே, எதுக்குன்னு நெனச்ச? ஒனக்கு கை ஒழிஞ்சா சமாதானம் குடுத்திரலாம்னு வீட்ல சொல்லிட்டே இருந்தாவ."

நான் கையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அவிய வேற, நான் வேற. தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன். குழிக்கரையில் அந்தப் பாட்டைத்தான் எடுத்தார்கள். அங்கே ஏது கீபோர்டு? கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கவிட்டுக்கொண்டு நானும் பாடினேன். கடைசிச் சரணம் முடியும்வரை சுதி இறங்கவே இல்லை.