மாட்டுங்காவில் லண்டன் வாய்

வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பிழைக்கிற தொழில்கள் இரண்டு: பல் வைத்தியரிடம் போனவர் வலி தீர்ந்து திரும்புவார், எங்களிடம் வந்தவர் அதற்கப்புறம் வாயைத் திறக்கவே பயப்படுவார்.

யுத்த வருஷங்களில் பம்பாய் மாட்டுங்காவில், ஆங்கில உச்சரிப்புக் கற்றுக்கொடுக்கும் ஒரு பள்ளியில் உதவி ஆசிரியையாக இருந்தேன். பள்ளி என்றால் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் முதல் மாடியில் இரண்டு அறை, ஒரு கிராமபோன், ஒரு கைக்கண்ணாடி, மனித வாயை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து காட்டும் ஒரு படம். படத்தில் இருப்பது இங்கிலீஷ்காரனுடைய வாய் என்று பிரின்ஸிபால் விசுவநாதய்யர் பெருமையாகச் சொல்லுவார். அவர் கப்பல் ஏறியதில்லை. தபாலில் வரவழைத்த ஒரே ஒரு புத்தகத்தைப் படித்து ஒலி சாஸ்திரத்தில் தேர்ந்தவர். எனக்கு அந்த வேலை கிடைத்ததற்கு என் பி.ஏ. காரணமில்லை; பெண்களுக்குச் சொல்லித்தர ஒரு பெண் வேண்டியிருந்தது. கவிதை படித்துப் பழகிய காதை அங்கே தினமும் ஆறு மணி நேரம் வாடகைக்கு விட்டேன். நீங்களும் எப்போதாவது கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, நாக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தவர் என்றால், நாம் ஒரே கப்பலைத் தவறவிட்டவர்கள், மேலே படியுங்கள்.

சுடர் வளைய வேண்டும்

இங்கிலீஷ் 'ப' நம்முடைய 'ப' அல்ல. உதடு பிரியும்போது கூடவே ஒரு காற்று வெடித்துக் கிளம்ப வேண்டும். கிளம்பியதா என்று பார்க்க, பிரின்ஸிபால் வாய்க்கு நேரே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைப்பார். சுடர் வளைந்தால் தேர்ச்சி. வளையாவிட்டால் 'மெட்ராஸ் வாய்'. வந்தவர்கள் எல்லாரும் விளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள். குமாஸ்தாக்கள் முதல் நாள் தயங்கினார்கள். மூன்றாம் நாள், பிரமோஷனை நினைத்துக்கொண்டு, எந்தச் சுடரும் மிஞ்சாதபடி ஊதித் தள்ளினார்கள்.

பாகீரதி மட்டும் ஊதவில்லை. பாலக்காட்டுப் பெண், இருபத்திரண்டு வயது. அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் புருஷனுடைய அண்ணா வீட்டில் இருந்தாள். புருஷன் ரங்கூனுக்கு வேலைக்குப் போனவன். ஜப்பான்காரன் அங்கே நுழைந்ததிலிருந்து கடிதம் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பெண்களை எடுக்கிறார்கள், குரல் பரீட்சை உண்டு என்று கேள்விப்பட்டு எங்களிடம் வந்திருந்தாள். வேலை கிடைத்தால் யார் தயவுமில்லாமல் பம்பாயில் இருக்கலாம். அவனுக்குத் தெரிந்த விலாசத்திலேயே கடிதத்துக்குக் காத்திருக்கலாம். கிடைக்காவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே இருக்கிறவர்கள் அவளுக்காகத் தாங்களே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள், அவன் இல்லை என்று.

அவள் 'ப' சொன்னால் சுடர் கல்லில் செதுக்கியதுபோல நிற்கும். "காற்று, இன்னும் காற்று" என்று பிரின்ஸிபால் மேஜையைத் தட்டுவார். அவர் அந்தண்டை போனதும் காரணம் கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அவர் எங்கே இருக்கார்னே தெரியலை, டீச்சர். நான் இங்கே உக்காந்துண்டு விளக்கை ஊதி அணைக்க மாட்டேன், கேட்டேளா."

ஏழு பேருக்கு ஒரு கண்ணாடி

மறுநாளிலிருந்து பாகீரதியின் வாய்க்கு முன்னால் மெழுகுவர்த்திக்குப் பதில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தேன். காகிதம் ஜோராக ஆடியது. பிரின்ஸிபால் அதைச் சாஸ்திரத்துக்கு விரோதம் என்றார். அவருக்கு அதைவிடப் பெரிய தலைவலி கைக்கண்ணாடி. சில இங்கிலீஷ் ஒலிகளுக்கு நாக்கு நுனியை இரண்டு பல் வரிசைக்கும் நடுவே நீட்ட வேண்டும். நீட்டியதைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் ஆள் பார்த்து முடித்ததும் கண்ணாடியில் பனி படியும், இரண்டு மூன்று துளியும் தெறித்திருக்கும். எச்சில் கண்ணாடியை யார் தொடுவது? ஏழு குமாஸ்தாக்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் நடுவே நான் எழுந்துபோய் அதைக் குழாயடியில் கழுவிக் கொண்டுவருவேன். பி.ஏ. படிப்பு அதற்கும் பயன்பட்டது.

இந்தச் சங்கடம் பொறுக்காமல் ராமசேஷன் என்ற ஹெட் கிளார்க், காலையில் சந்தியாவந்தனம் முடித்த கையோடு வீட்டுக் கண்ணாடியிலேயே அப்பியாசம் பண்ணத் தொடங்கினார். கண்ணாடி மாட்டியிருந்த இடம் சமையலறை வாசலுக்கு எதிரே. ஐந்தாம் நாள் அவருடைய மனைவி மாடி ஏறி வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு என்னிடம் சொன்னாள்: "அவருக்கு இங்கிலீஷ் வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. எங்கம்மா காப்பி எடுத்துண்டு வரச்சே எதிர்க்க நின்னு நாக்கை நீட்டாம இருந்தாப் போறும்."

தட்டில் இருந்த துரை

எங்கள் கிராமபோன் தட்டில் ஒரு லண்டன் துரை இருந்தார். மழை, தேநீர், ரயில் தாமதம் ஆகிய மூன்றையும் பற்றி அழகாகப் பேசுவார். ரயில் வாக்கியத்தின் நடுவே மட்டும் சட்டென்று ஒரு விக்கல் விக்கிவிட்டு மேலே போவார். பிரின்ஸிபால் அதைப் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்து, தொண்டையை அடைத்துத் திறக்கும் உயர்ந்த ரக ஒலி என்று பெயரும் வைத்துவிட்டார். வருஷக் கணக்காக எங்கள் மாணவர்கள் எல்லாரும் ரயில் தாமதம் என்று வந்தால் அந்த இடத்தில் விக்கினார்கள். நானும் விக்கக் கற்றுக்கொடுத்தேன். என் காதுக்குச் சந்தேகம் இருந்தது. சம்பளத்துக்கு இல்லை.

தாராவியிலிருந்து இசக்கிமுத்து என்று ஒரு பிட்டர் வந்து சேர்ந்தார். திருநெல்வேலிப் பக்கம். வொர்க்‌ஷாப்பில் புதிதாக வந்த துரை வாய்க்குள்ளேயே பேசுகிறாராம். "துரை மாதிரிப் பேச உனக்கு ஆறு மாதம் ஆகும்" என்றார் பிரின்ஸிபால். "அவரு மாதிரி பேசதுக்கு வரலய்யா. அவரு ஏசுதாரா, வேல சொல்லுதாரான்னு தெரிஞ்சாப் போதும்" என்றார் இசக்கிமுத்து. வகுப்பே விக்குவதை இரண்டு நாள் பொறுமையாகக் கேட்டார். மூன்றாம் நாள் எழுந்துபோய்த் தட்டை எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு பிரின்ஸிபாலிடம் சொன்னார்: "கோவிச்சுக்கிடாதிய அய்யா. இது தொரைக்கத் தொண்டயில உள்ளது இல்ல. தட்டுல கீறலு."

ஒன்றிலிருந்து ஒன்பது

டெலிபோன் வேலைக்கு எண்கள்தான் உயிர். பாகீரதிக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை நான்கு மாதம் நடந்தது. இங்கிலீஷ் மூன்றிலும் நான்கிலும் வருகிற 'ர' அவள் நாக்கில் உருளக் கூடாது. உருளாமல் இருக்க நாக்கைக் கட்ட வேண்டும், கட்டினால் குரல் இறங்கும், இறங்கியதே நாகரிகம் என்றார் பிரின்ஸிபால். அவளுக்கு வேறொரு குரல் இருந்தது. காலை எட்டரைக்கு மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து "ஏ பாஜிவாலா, ருக்கோ! தீஸ்ரா மாலா!" என்று கூப்பிட்டுக்கொண்டே கயிற்றில் கூடையை இறக்குவாள். தெருக்கோடியில் போகிற காய்கறிக்காரன் வண்டியைத் திருப்புவான். முதல் மாடியில் எங்கள் பிரின்ஸிபால் காதைப் பொத்திக்கொள்வார். அந்தக் குரலை மறந்தால்தான் இந்தக் குரல் வரும் என்பது அவர் தீர்ப்பு. நானும் தலையாட்டினேன். மறக்கடித்தேன் என்றே சொல்ல வேண்டும். மாசிக் கடைசியில் அவள் கிசுகிசுவென்று, லண்டன் தூறல்போல, ஒன்பது வரை எண்ணினாள்.

ஒருநாள் அவளுடைய மைத்துனர் ஆபீஸிலிருந்து நேரே வகுப்புக்கு வந்தார். சித்திரை விஷுவுக்கு ஊருக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு அவளை அனுப்ப ஏற்பாடு செய்தாகிவிட்டது, அதற்குள் பரீட்சை நடந்தால் நடக்கட்டும் என்றார். கெட்ட மனிதர் இல்லை. இரண்டு அறையில் ஒன்பது பேரோடு இருக்கிறவர். அவள் எண்ணுவதை நின்று கேட்டார். காதில் விழவில்லை போலிருக்கிறது. ஓரடி கிட்டே வந்தும் கேட்டார். பிறகு என்னிடம் திரும்பினார்: "நாலு மாசமா ஒம்பதுலயே நிக்கறா. பத்து எப்போ வரும், டீச்சர்?"

பூனாவுக்குக் கேட்க வேண்டும்

பங்குனியில் பரீட்சை வந்தது. துணைக்கு நான் போனேன். ரயிலில் போரிபந்தர் ஸ்டேஷன் வரைக்கும் பாகீரதி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். எதிரே இருந்த பார்ஸிக் கிழவி ஜபம் என்று நினைத்துக் கைகுவித்தாள். எக்ஸ்சேஞ்சில் பரீட்சை வைத்தவள் வயதான வெள்ளைக்காரி. அவள் ஊர் இங்கிலாந்துக்கும் வடக்கே ஏதோ குளிர்ப் பிரதேசமாம். வாயைத் திறந்தாளோ இல்லையோ, நான் பாகீரதியின் பக்கம் திரும்பினேன். நாங்கள் நான்கு மாதம் பாடுபட்டுப் பாகீரதியின் நாக்கிலிருந்து பிடுங்கிப் போட்ட 'ர' அந்த அம்மாள் வாயில் கூழாங்கல்லாக உருண்டுகொண்டிருந்தது.

பரீட்சை இதுதான்: பூனாவில் இருக்கிற ஆபரேட்டருக்குப் பத்து எண்களைச் சொல்ல வேண்டும். அவள் அவற்றைப் பிழையில்லாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். கம்பியில் அன்றைக்குக் கடுகு தாளிக்கிற சத்தம். பாகீரதி நாகரிகமாக ஆரம்பித்தாள். பூனாக்காரி "என்ன?" என்றாள். மறுபடி சொன்னாள். மறுபடி "என்ன?" மூன்றாம் தடவை வெள்ளைக்காரி பேனாவை எடுத்து, காகிதத்தில் அடிப்பதற்குப் பாகீரதியின் பெயரைத் தேடத் தொடங்கினாள். பாகீரதி என்னைப் பார்த்தாள். எனக்கும் ஒலி சாஸ்திரம் எதுவும் ஞாபகம் வரவில்லை. இரண்டு கையாலும் கயிற்றில் கூடையை இறக்குகிற மாதிரி ஜாடை காட்டினேன்.

அவள் மூச்சை இழுத்தாள். மூன்றாவது மாடிக் குரலில், 'ர' உருள உருள, பத்து எண்ணையும் பூனாவின் தலையில் இறக்கினாள். அடுத்த அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பூனாக்காரி பத்தையும் ஒப்பித்தாள். வெள்ளைக்காரி பேனாவை மூடிவிட்டுத் தன் கோப்பையைத் தொட்டுப் பார்த்து, இங்கிலீஷில் சொன்னாள்: "இந்தக் குரலை முதலிலேயே எடுத்திருந்தால் என் டீ ஆறியிருக்காது."

வாசல் பலகை

ஒரு வாரத்தில் பள்ளி வாசலில் புதுப் பலகை ஏறியது. மெல்லப் பேசும் லண்டன் முறையில் இங்கே பயின்ற ஸ்ரீமதி பாகீரதி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குத் தேர்வு என்று மூன்று பாஷையில் எழுதியிருந்தது. நடந்ததைப் பிரின்ஸிபாலிடம் வகுப்பிலேயே விவரமாகச் சொல்லியிருந்தேன். சாஸ்திரம் உள்ளே இருந்ததால்தான் சத்தம் வெளியே வந்தது என்றார். சேருகிறவர்கள் கூட்டம் அறையில் அடங்கவில்லை. நான் பலகையின் கீழே நுழைந்து வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். உங்களில் எத்தனை பேருக்கு இதைப் போல ஒரு பலகையின் கீழே குனிந்து போய்ப் பழக்கம் என்று எனக்குத் தெரியாது.

இசக்கிமுத்து அந்தப் பலகையை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தார். அவருக்கு அதற்குள் துரையின் பேச்சு பிடிபட்டுவிட்டது. முக்கால்வாசி ஏச்சுத்தானாம், பாடத்தை நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வந்திருந்தார். படியில் இறங்குகிறபோது திரும்பி என்னிடம் கேட்டார்: "அந்தப் பிள்ள சத்தம் போட்டுத்தானம்மா பாஸாச்சி? அத மட்டும் எழுதாம உட்டுட்டாகளே."

ட்ரங்க் கால்

பாகீரதி விஷுவுக்கு ஊருக்குப் போகவில்லை. மைத்துனர் வீட்டிலேயே, சம்பளம் கொண்டுவருகிற ஆளாக, ஜன்னலோரம் ஒரு பாய் அளவு இடம் அவளுக்கென்று ஆனது. தபால்காரன் வரும் நேரத்துக்கு எப்படியோ டியூட்டியை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்பாள். ரங்கூனிலிருந்து அதற்குப் பிறகும் கடிதம் வரவில்லை. அவள் அதற்குப் பிறகும் விளக்கை ஊதவில்லை.

யுத்தம் முடிந்த வருஷம், அப்பாவுக்கு உடம்பு மோசம் என்று மயிலாப்பூரிலிருந்து எனக்குத் தந்தி வந்தது. பக்கத்து வீட்டு வக்கீலிடம் டெலிபோன் உண்டு. மருந்துக்கடைக்கு ஓடி, வெளியூருக்கு ட்ரங்க் கால் கேட்டு, வக்கீல் வீட்டு எண்ணைச் சொன்னேன். ஐந்து வருஷப் பழக்கம்; அவசரத்திலும் வாய் பிசகவில்லை. ஒவ்வொரு எண்ணையும் புத்தகத்தில் உள்ளபடி, உதட்டை அதிகம் அசைக்காமல், மெல்லிசாகச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் யாரோ இங்கிலீஷில் "மறுபடியும்" என்றார்கள். சொன்னேன். "மறுபடியும்" என்றார்கள். கடைக்காரர் பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மூன்றாம் தடவையும் சொன்னேன். பிறகு மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து வருகிற மாதிரி ஒரு குரல் என் காதில் இறங்கியது: "டீச்சரா? என்னத்துக்கு வாய்க்குள்ளயே வச்சுண்டு பேசறேள்? அழறதானா அப்பறம் அழலாம், இப்போ தமிழ்ல, உரக்கச் சொல்லுங்கோ."

சொன்னேன், லைன் கிடைத்தது, வக்கீல் வீட்டுக்குக் கைத்தாங்கலாக வந்த அப்பாவின் குரலையும் கேட்டேன்: ஐந்து வருஷம் பம்பாயின் வாய்களைத் திருத்தியதில் உருப்படியாகத் திறந்த வாய் என்னுடையது ஒன்றுதான், அதையும் என் மாணவிதான் திறக்கவேண்டியிருந்தது.